கப்பல் ஏறும் அரிசியும் களத்தில் நிற்கும் கூலியும்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சேரித் தெருவின் தேநீர்க் கடை. சம்பா அறுவடை தொடங்கியிருக்கும் நேரம். கடையில் கிடந்த நாளிதழைக் கல்லூரி மாணவர் ஒருவர் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். இந்திய அரிசி அமெரிக்கச் சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கொட்டப்படுகிறது என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 டிசம்பர் 8 அன்று குறைப்பட்டுக்கொண்டதைப் பற்றிய கட்டுரை அது. நாற்பது வருடமாக நடவுக்கும் களைக்கும் போய்வரும் அக்கா ஒருவர் குறுக்கே கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அவன் வரி போட்டா நம்ம கூலி கூடுமா, கொறையுமா? அதச் சொல்லு மொதல்ல."

மாணவரிடம் பதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடமும் சட்டென்று சொல்ல ஒரு பதில் இல்லை. பல நாள் யோசித்த பிறகு அந்த அக்காவுக்குச் சொல்ல நினைப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'விவசாயி' என்றால் யார்?

உலக வர்த்தகம் பற்றிய செய்திகளில் 'விவசாயிகளுக்கு லாபம்', 'விவசாயிகளுக்கு இழப்பு' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் விகிதம் மிக அதிகமாக உள்ள மாவட்டம் நம் திருவாரூர்தான். மாநில சராசரி நூற்றுக்கு 20 பேர். இங்கே நூற்றுக்கு 34 பேர். ஆனால் அந்த 34 பேருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு பட்டாவால் ஆனதல்ல, உழைப்பால் ஆனது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு உள்ள பட்டியல் சாதியினரின் கையில் இருக்கும் சாகுபடிப் பரப்பு 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது.

எனவே நம் ஊரில் வயலை நம்பி வாழ்பவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலம் வைத்திருப்பவர் ஒருவர். அந்த நிலத்தையோ கோயில், மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் செய்பவர் இன்னொருவர். இரண்டு பேர் வயலிலும் இறங்கி வேலை செய்பவர் மூன்றாமவர். உலகச் சந்தையில் ஒரு விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த மூவருக்கும் அது ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை.

பழைய கதை ஒன்று

உலக வர்த்தகம் டெல்டாவுக்குப் புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு நாகப்பட்டினம் துறைமுகம் நெல்லை மட்டும் ஏற்றுமதி செய்யவில்லை. ஆளையும் ஏற்றுமதி செய்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் கீழத்தஞ்சையின் பண்ணையாட்களும் இருந்தார்கள். பண்ணையின் சாட்டையிலிருந்து தப்பிக்க அவர்களுக்குத் திறந்திருந்த கதவு அதுதான்.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பின. ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையோடு கரை இறங்கினார்கள். அதே காலத்தில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மலிவான அரிசி சென்னை மாகாணத்துக்குள் வந்து குவிய, தஞ்சை நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. மிராசுதார்கள் சும்மா இருக்கவில்லை. இறக்குமதிக்கு வரி போடு என்று அரசிடம் முறையிட்டார்கள். 1935இல் வெளிநாட்டுக் குருணைக்கு வரி போடப்பட்டது.

பண்ணையாளுக்கு என்ன ஆனது? கூலியை நெல்லாக வாங்கியவருக்கு விலை வீழ்ச்சியால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். ஆனால் உப்பு, துணி, மண்ணெண்ணெய் வாங்க அவர் அந்தக் கூலி நெல்லில்தான் ஒரு பங்கை விற்றாக வேண்டும். வெளியே போகும் கதவும் மூடிவிட்டது. வெளியேற முடியாத ஆளுக்குப் பண்ணை கூடுதலாக எதையும் தரப்போவதில்லை.

பண்ணையாளின் நிலையை மாற்றியது வரி அல்ல, சங்கம். 1943இல் மன்னார்குடி அருகே தென்பரையில் பி. சீனிவாசராவ் முன்னின்று தொடங்கிய விவசாயிகள் சங்கமும், களப்பால் குப்பு போன்ற தலித் தலைவர்களும் ஊர் ஊராக நடந்தார்கள். 1944இல் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஏற்பட்ட ஒப்பந்தங்களுக்குப் பிறகுதான் சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழியத் தொடங்கின. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பசுமைப் புரட்சியால் விளைச்சல் ஏறியபோது அந்த ஏற்றத்தில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள் என்பதுதான் 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்த கூலிப் போராட்டம்.

இந்த வரலாறு காட்டும் பாடம் ஒன்றுதான். விளைச்சல் கூடினாலும் விலை கூடினாலும் அது தானாகக் கீழே வடிந்து வராது. விலை வீழ்ச்சி மட்டும் தானாக வடிந்து வந்துவிடும்.

அரிசித் தடையும் நம் களமும்

இப்போது அண்மைக் காலத்துக்கு வருவோம். உலக அரிசி வர்த்தகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இந்தியாவுடையது. அதனால் டெல்லியில் ஒரு உத்தரவு வந்தால் மணிலாவிலும் டாக்காரிலும் அரிசி விலை அசைகிறது. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு முழுத் தடை. அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. உள்நாட்டில் விலை ஏறுகிறது, மழை பொய்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் அரிசி மூட்டைக்கு மக்கள் முண்டியடித்தார்கள். உலகச் சந்தை விலை பதினைந்து ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது.

அந்த உயர்ந்த விலை திருவாரூருக்கு வந்ததா? வரவில்லை. அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தும் தண்ணீர் போதாமல் அக்டோபரில் மூடப்பட்டது. குறுவை காய்ந்து நின்றவர்கள், உலகில் அரிசிக்கு ஏக கிராக்கி என்ற செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

2024 செப்டம்பரில் தொடங்கி 2025 மார்ச்சுக்குள் தடைகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. 2024–25இல் இந்தியா சுமார் 2 கோடி டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. விளைவு, உலகச் சந்தையில் விலை பல ஆண்டுகளில் இல்லாத அளவு இறங்கியது. தன் நாட்டு உழவர்களைக் காக்க பிலிப்பைன்ஸ் 2025 செப்டம்பர் முதல் அரிசி இறக்குமதியையே நிறுத்தி வைத்தது. நம் ஏற்றுமதி அங்குள்ள ஒரு ஏழை உழவரின் நெல் விலையை இறக்குகிறது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. அவர் நமக்குப் போட்டியாளர் அல்ல, நம் பங்காளி.

டிரம்பின் குறைக்கு இதில் என்ன இடம்? அமெரிக்காவுக்குப் போகும் இந்திய அரிசியில் பெரும்பகுதி பாஸ்மதி. அது பஞ்சாப், ஹரியானா பக்கத்து வயல்களின் விளைச்சல். டெல்டா நெல்லில் பெரும்பகுதி தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் போகிறது. 2025–26 பருவத்தில் விலை சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயாகவும், சன்னரகம் 2,545 ரூபாயாகவும் இருந்தது. மத்திய அரசின் ஆதரவு விலையும் மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்தது இது. உலகச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பருவத்துக்கு இந்த விலை மாறாது. அதாவது கொள்முதல் நிலையம் என்பது உலகச் சந்தைக்கும் நமக்கும் நடுவில் விரித்த ஒரு போர்வை.

ஆனால் அந்தப் போர்வை எல்லோருக்கும் எட்டுகிறதா என்பதே கேள்வி. கொள்முதல் நிலையத்தில் பதிவு செய்யச் சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்குச் செய்பவர் பெயர் எந்த அடங்கலில் இருக்கிறது? நிலத்துக்காரர் மனம் வைத்தால் அவர் பெயரில் போடலாம். இல்லையென்றால் களத்து மேட்டிலேயே வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ள வேண்டும். வியாபாரியின் விலையோ வெளிச்சந்தையோடு ஏறி இறங்கும் விலை. 2025 அக்டோபரில் குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டபோதும், 17 விழுக்காடு ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதிக் காத்திருந்தபோதும் இதுதான் நடந்தது. காத்திருக்க வசதி உள்ளவர் தார்ப்பாய் போட்டுக் காத்திருந்தார். வட்டிக்கு வாங்கியவர் வந்த விலைக்குக் கொடுத்தார்.

ஆகவே உலகச் சந்தையின் குளிர் முதலில் தொடுவது போர்வை எட்டாதவரைத்தான். நம் மாவட்டத்தில் அவர் பெரும்பாலும் பட்டா இல்லாத தலித் குத்தகைதாரர்.

ரேசன் கடையும் ஜெனீவாவும்

நிலமும் குத்தகையும் இல்லாத கூலித் தொழிலாளிக்கு நெல் விலையைவிட அரிசி விலைதான் முக்கியம். அவர் அரிசியை விற்பவர் அல்ல, வாங்குபவர். 2023இல் வெளிச்சந்தை அரிசி விலை ஏறியபோது நம் தெருக்களில் அடுப்பு அணையாமல் இருந்ததற்குக் காரணம் 2011 முதல் தமிழ்நாட்டில் விலையில்லாமல் தரப்படும் ரேசன் அரிசி.

கொள்முதல் நிலையத்தில் அரசு வாங்கும் நெல்தான் அரைக்கப்பட்டு ரேசன் கடைக்கு வருகிறது. இரண்டும் ஒரே சாக்கின் இரண்டு முனைகள். உலக வர்த்தக அமைப்பில் இதற்குப் 'பொது இருப்பு' என்று பெயர். இதைச் சுற்றித்தான் அங்கே பல ஆண்டுகளாகச் சண்டை.

சண்டை என்ன என்பதை எளிதாகச் சொல்லலாம். 1995இல் நடைமுறைக்கு வந்த வேளாண் ஒப்பந்தப்படி, வளரும் நாடு ஒன்று ஒரு பயிருக்குத் தரும் விலை ஆதரவு அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆதரவு எவ்வளவு என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இன்றைய கொள்முதல் விலையை 1986–88ஆம் ஆண்டுகளின் உலக விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையெல்லாம் மானியம் என்று எழுதுகிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னால், "எங்கம்மா வாங்குன கூலியோட என் கூலியக் கழிச்சுப் பாத்து, மிச்சமெல்லாம் தர்மம்னு சொல்ற மாதிரி இருக்கே" என்பார். அதேதான்.

2018–19இல் இந்தியாவின் நெல் ஆதரவு அந்த வரம்பைத் தாண்டி 11 விழுக்காட்டுக்கு மேல் போனது. 2013இல் பாலி மாநாட்டில் கிடைத்த 'சமாதான விதி' என்ற தற்காலிக ஏற்பாட்டைப் பயன்படுத்தித்தான் இந்தியா வழக்கிலிருந்து தப்பியது. நிரந்தரத் தீர்வு இன்னும் இல்லை. 2024இல் அபுதாபியில் நடந்த மாநாட்டிலும் வரவில்லை. இந்தியா மக்களுக்கென வாங்கும் அரிசியை மலிவாக ஏற்றுமதி செய்கிறது என்று தாய்லாந்துத் தூதர் அங்கே குற்றம் சாட்டி, அது பெரிய சச்சரவானது. அதற்கு அடுத்த மாநாடு 2026 மார்ச்சில் கேமரூன் நாட்டின் யவுண்டே நகரில் என்று குறிக்கப்பட்டது.

டிரம்ப் நம் அரிசியைக் குறை சொன்ன அதே கூட்டத்தில்தான் தன் நாட்டு விவசாயிகளுக்கு 1,200 கோடி டாலர் உதவி அறிவித்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன் விவசாயிக்கு உதவுவது தவறில்லை. அடுத்தவர் உதவினால் மட்டும் அது குற்றமாவதுதான் தவறு.

இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்டி சாட்சி. ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த மக்கள் வாழும் அந்த நாடு 1990களின் நடுவில் வெளி நெருக்கடியால் அரிசி இறக்குமதி வரியை 3 விழுக்காட்டுக்கு இறக்கியது. அமெரிக்க அரிசி வந்து குவிந்தது; ஹைட்டியின் நெல் உழவர்கள் வயலை விட்டு நகரத்துச் சேரிகளுக்குப் போனார்கள். அப்போதைய அமெரிக்க அதிபர் கிளிண்டன் 2010இல் அந்நாட்டு செனட் குழுவின் முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். தவறை ஒப்புக்கொண்டதால் அந்த வயல்கள் திரும்பி வரவில்லை.

பருத்தியும் இறாலும்

நெல்லுக்காவது போர்வை இருக்கிறது. நம் மாவட்டத்தின் கோடைப் பருத்திக்கு அது இல்லை.

2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. திருப்பூரின் ஆடை ஏற்றுமதி அடிபட்டது. ஏற்றுமதியாளர்களுக்குப் பஞ்சு மலிவாகக் கிடைக்கட்டும் என்று மத்திய அரசு பருத்திக்கான 11 விழுக்காடு இறக்குமதி வரியை ஆகஸ்டு 19 முதல் நீக்கி, பிறகு அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. ஆலைக்காரரின் நட்டத்தை ஈடுகட்ட, பருத்தி விளைவிப்பவரின் வேலியைப் பிடுங்கினார்கள். வாஷிங்டனில் போட்ட முடிச்சு திருப்பூர் வழியாகக் குடவாசல், வலங்கைமான் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வரை இறுக்கியது. இந்தியப் பருத்திக் கழகம் நேரடியாக வந்து ஆதரவு விலைக்கு வாங்க வேண்டும் என்பது டெல்டா விவசாயிகளின் பழைய கோரிக்கை.

பருத்தி பறிப்பவர்கள் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஏலத்தில் விலை இறங்கினால் அடுத்த பறிப்புக்குக் கூலியைக் குறைத்துப் பேசுவார்கள். மிகவும் இறங்கினால் கடைசிப் பறிப்பையே விட்டுவிடுவார்கள். நெல்லில் அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. நேரடி விதைப்பும், மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவுக் குழுக்களும் நடவு நாள்களைக் குறைத்துவிட்டன. கோடையில் மிச்சம் இருப்பது இந்தப் பறிப்பு நாள்கள்தான். இந்த நாள்களின் இழப்பு எந்த ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலும் வராது.

இறால் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1990களில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்ப டெல்டாக் கடற்கரையில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாயின. குடிநீர் உப்பானது. நூறு பேர் வேலை செய்த வயலில் சில காவலாளிகள் போதும் என்றானது. நிலமற்ற தலித் மக்களோடு நின்று ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தரவும் சொன்னது. பின்னர் 2005இல் வந்த கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் பண்ணைகளுக்கு மீண்டும் வழி திறந்தது. இன்று இந்திய இறாலுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்கா. 50 விழுக்காடு வரியில் அதுவும் தள்ளாடியது. வளர்ந்தபோது நிலத்தைக் கொடுத்தோம். தளர்ந்தால் அந்த நிலம் நெல்லுக்குத் திரும்புமா? உப்பேறிய மண் கப்பல் அட்டவணையைப் பார்த்து மாறுவதில்லை.

அக்காவுக்குப் பதில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "அக்கா, அவன் அரிசிக்கு வரி போட்டால் நம் கூலி நேரடியாகக் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆனால் நம் ரேசன் அரிசி, நம் குத்தகை நெல், நம் பருத்தி பறிக்கும் நாள்கள், நம் குடிநீர் ஆகிய நான்கு வழியாக அது நம் வீட்டுக்குள் வரும். வரும்போது மிராசுதாருக்கு வரி கேட்கத் தெரிந்த மாதிரி நமக்கும் கேட்கத் தெரிய வேண்டும்."

என்ன கேட்பது? முதலில், வாய்மொழிக் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யும் வேலை. அதற்கு 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது; அதை நடைமுறைப்படுத்தினால் போதும். சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல், அவர் கணக்கில் கொள்முதல் பணம், அவருக்கே பயிர்க் காப்பீடு.

இரண்டாவது, இறக்குமதி வரியை நீக்குவது போன்ற முடிவுகளை எடுக்கும்போது நட்டக் கணக்கில் கூலித் தொழிலாளியின் வேலை நாள்களையும் சேர்க்க வேண்டும். இறால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தொழிலாளிக்கும் இழப்பீடு உண்டு என்றது. ஏற்றுமதியாளருக்குச் சலுகை உண்டென்றால் பருத்தி பறிக்கும் பெண்ணுக்கும் உண்டு.

மூன்றாவது, நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொது இருப்புக்கு நிரந்தரத் தீர்வு வேண்டும் என்று அவையில் பேச வேண்டும். டெல்டா உறுப்பினர்களுக்கு இது வெளிநாட்டு விவகாரம் அல்ல, தொகுதி விவகாரம்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஜனவரி 26 அன்று உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதற்கு முன்பு உங்கள் தெருவில் எத்தனை குடும்பங்கள் குத்தகைக்குச் செய்கின்றன, அவற்றில் எத்தனை பேர் பெயர் அடங்கலில் இருக்கிறது, எத்தனை பேர் கடந்த குறுவையில் கொள்முதல் நிலையத்தில் தங்கள் பெயரிலேயே நெல் போட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைச் சபையில் படியுங்கள், தீர்மானமாக்கச் சொல்லுங்கள். அக்காக்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்களுடைய கேள்விகளை அவர்களே கேட்கட்டும்.